டைவோர்ஸ், விவாகரத்து, மணமுறிவு, மணவிலக்கு: வேர் எது, எதை எங்கே போடுவது?

சொல்தேடி:

வணக்கம் நண்பர்களே. குடும்பச் சட்டக் கையேடு ஒன்றைத் தமிழாக்குவதற்காகச் சொற்பட்டியல் தயாராகிறது. ‘டைவோர்ஸ்’ என்ற சொல்லில் மூன்று சிக்கல்கள்.

முதலில் அதன் வேர். ‘டைவர்ஸ்’, அதாவது வேறுபட்டது என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்கிறார்கள் சிலர். ‘ஃபோர்ஸ்’ உள்ளே இருக்கிறது, வலிந்து பிரிப்பது என்று பொருள் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

அடுத்தது ‘விவாகரத்து’. விவாகம் சம்ஸ்கிருதம் என்று தெரிகிறது. ‘ரத்து’ எங்கிருந்து வந்தது? ‘அறுத்து’ என்பதுதான் தேய்ந்து ‘ரத்து’ ஆனது என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, விவாகரத்து, மணமுறிவு, மணவிலக்கு, திருமண ரத்து ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதலாமா? எழுதினால் எங்கே இடறும்?

—

வேரடி:

‘ஃபோர்ஸ்’ விளக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். காதுக்கு ஒத்து ஒலிக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பிடிமானம் இல்லை.

லத்தீன் மூலம் ‘டிவோர்ட்டியும்’. ‘டிஸ்’ என்றால் அகன்று, வெவ்வேறாக. ‘வெர்ட்டெரே’ என்றால் திரும்புதல். ஆளுக்கொரு திசையில் திரும்பிப் போவது என்பதே நேர்ப்பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

லத்தீனில் இது கல்யாணத்துக்கென்றே பிறந்த சொல் அல்ல. சாலை இரண்டாகக் கவைத்துப் பிரியும் இடத்துக்கும் அதே பெயர்தான். மலைமுகட்டில் விழும் மழைநீர் இந்தச் சரிவில் கொஞ்சமும் அந்தச் சரிவில் கொஞ்சமுமாக வழிந்தோடுமே, அந்த நீர்பிரி மேட்டுக்கும் அதுவே. கி.மு. 51–50இல் சிலிசியா என்ற ரோமானிய மாகாணத்தின் ஆளுநராக இருந்தபோது, ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ எழுதிய கடிதமொன்றில், சிரியாவையும் சிலிசியாவையும் பிரித்து நிற்கும் அமானஸ் மலைக்கு ‘தண்ணீரின் டிவோர்ட்டியும்’ என்ற சொற்றொடரைத்தான் பயன்படுத்துகிறார். ஒரே முகட்டில் விழுந்த நீர், பிறகு இரண்டு சரிவு. இந்தச் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது.

‘டைவர்ஸ்’ என்றவர்கள் பாதி சரி. டைவர்ஸ், டைவர்ட், டைவோர்ஸ் மூன்றும் ஒரே வினையின் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றுக்குத் தாய் இல்லை. ஒன்றில் ‘வெ’, மற்றொன்றில் ‘வோ’ ஏன் என்று கேட்கலாம். ‘வெர்ட்டெரே’ என்ற வினைக்கு ‘வோர்ட்டெரே’ என்ற பழைய வடிவம் உண்டு. வினை புது வடிவத்துக்கு மாறிய பிறகும் இந்தப் பெயர்ச்சொல் பழைய உயிரெழுத்தை விடாமல் வைத்துக்கொண்டது.

மனம் வேறுபட்டதாலா, வழி வேறுபட்டதாலா என்ற கேள்வி ரோமானியச் சட்ட அறிஞர்களுக்கே இருந்தது. பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், கி.பி. 533இல் தொகுக்கப்பட்ட டைஜெஸ்ட் என்ற சட்டத் தொகுப்பு நூலில் கையஸ் இரண்டு காரணங்களையும் சொல்கிறார். பவுலஸ் வழி வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார். பிரிகிறவர்கள் எதிரெதிர்த் திசைகளில் போவதால் இந்தப் பெயர் என்பது அவர் விளக்கம். கூடவே ஒரு நுட்பமான வேறுபாட்டையும் காட்டுகிறார். ‘ரெபுடியும்’ என்ற சொல்லை நிச்சயதார்த்தத்தை முறிப்பதற்கும் சொல்லலாம். ‘டிவோர்ட்டியும்’ அப்படி இல்லை, மணமாகாத பெண்ணைப் பற்றி அதைச் சொல்வது சரியாகாது.

ரெபுடியும் என்பது ஒருவர் மற்றவருக்கு விடுக்கும் அறிவிப்பு. அதற்குரிய வாசகத்தையும் கையஸ் தருகிறார்: ‘உன் பொருள்களை நீயே வைத்துக்கொள்.’ வயதுவந்த ரோமக் குடிமக்கள் ஏழு பேர் முன்னிலையில் நடக்காத பிரிவு செல்லாது என்ற விதியும் டைஜெஸ்டில் இருக்கிறது. ஆக, ஒருவர் விலக்குவதற்கு ஒரு சொல், இருவரும் விலகிப் போவதற்கு இன்னொரு சொல். ஆங்கிலத்தில் ‘ரெபுடியேட்’ முன்னதன் வாரிசு, ‘டைவோர்ஸ்’ பின்னதன் வாரிசு. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘வெர்ட்டெரே’வுக்குச் சம்ஸ்கிருதத்தில் உடன்பிறப்பு உண்டு, ‘வ்ருத்’ என்ற வேர். பரிவர்த்தனை, ஆவர்த்தனம், நிவர்த்தி, பாட்டில் வரும் விருத்தம் எல்லாம் அந்த வழி. டைவோர்ஸும் பரிவர்த்தனையும் தூரத்துச் சொந்தம்.

—

ஏட்டுக்கணக்கு:

ரத்து பற்றி. ‘அறுத்து’ விளக்கம் நிற்காது. சொல்லின் தொடக்கத்தில் உள்ள ‘அ’ விழவேண்டும், ‘று’ என்பது ‘ர’ ஆகவேண்டும், பொருளும் அறுப்பிலிருந்து செல்லாமல் ஆக்குவதற்கு மாறவேண்டும். மூன்று மாற்றங்களுக்கும் தனித்தனியாகச் சான்று காட்டியாக வேண்டும். ரயில் ரத்து, உரிமம் ரத்து, உத்தரவு ரத்து என்ற வழக்குகளில் எதையும் யாரும் அறுப்பதில்லை. அந்தப் பக்கம் அரபியில் ‘ரத்’, கடைசி மெய் இரட்டித்து, இதே பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது: திருப்பி அனுப்புதல், மறுத்தல். பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வசூல், ஜப்தி, ஜாமீன், வக்கீல் எல்லாம் வந்த அதே கச்சேரி (பழைய அரசு, நீதிமன்ற அலுவலக) வழக்கின் பாதையில் இதுவும் வந்தது.

இறுதியில் தகர மெய் இரட்டிக்கும் அயற்சொல் தமிழுக்குள் வரும்போது உகரம் ஏற்று ‘த்து’ என முடியும். இதற்கு நல்ல இணை ஒன்று உண்டு. எல்லை என்ற பொருளுடைய ‘ஹத்’ தமிழில் ‘அத்து’ ஆனது. அத்துமீறல் என்று எழுதும்போது மீறப்படுவது அந்த அரபி எல்லைதான். ஹத், அத்து ஆன விதமே ரத், ரத்து ஆன விதம்.

குழப்பம் எங்கே தொடங்கியிருக்கும் என்றும் ஊகிக்கலாம். பேச்சுவழக்கில் ‘அத்துவிட்டாச்சு’ என்றால் உறவை அறுத்துவிட்டார்கள் என்று பொருள். இந்த ‘அத்து’ நிஜமாகவே ‘அறுத்து’தான். ஒலியில் ஒன்று, வேரில் இரண்டு. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் ரத்தையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

விவாகம் என்பது ‘வி’ + ‘வஹ்’. வஹ் என்றால் சுமந்து செல்லுதல், அழைத்துச் செல்லுதல். வாகனம் அதே வேர், லத்தீன் வழி வந்த ‘வெஹிக்கிள்’ அதன் உறவு. ‘வி’ என்பதற்கு அகன்று என்று பொருள். பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து அகற்றி அழைத்துப் போவது விவாகம். டைவோர்ஸிலுள்ள ‘டிஸ்’ செய்யும் வேலையை இங்கே கல்யாணச் சொல்லின் ‘வி’ செய்துகொண்டிருக்கிறது. பொருள் ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்கிறேன். இரண்டு முன்னொட்டுகளும் ஒரே வேர் என்று பட்டியலில் எழுதிவிடாதீர்கள்.

அரபியில் மணவிலக்குக்கு ‘ரத்’ என்று சொல்வதில்லை. அங்கே தலாக், குலா என்று வேறு சொற்கள். இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தில் ‘ரத்’ என்றால் பங்குபோக மிஞ்சிய சொத்து பங்குதாரர்களுக்கே திரும்புவது. அந்த நூல்களை மொழிபெயர்க்கும்போது ‘ரத்’ என்பதை ‘ரத்து’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகும்.

—

சட்டத்தமிழ்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பிழை அதிகம் விழுவது இங்கேதான்.

நீதிமன்றத்தின் முடிவு எந்த நாளிலிருந்து செயல்படுகிறது என்று முதலில் பாருங்கள். திருமணம் இருந்தது, இன்ன தேதியோடு முடிந்தது என்றால் அது டைவோர்ஸ். சட்டத்தின் பார்வையில் அப்படியொரு திருமணம் ஏற்படவே இல்லை என்று அறிவித்தால் அது ‘நல்லிட்டி’. திருமணம் இருக்கிறது, சேர்ந்து வாழும் கடமை மட்டும் நீங்குகிறது என்றால் அது ‘ஜுடிஷியல் செபரேஷன்’, நீதிமுறைப் பிரிவு. இந்த மூன்றாவதில் யாரும் மறுமணம் செய்துகொள்ள முடியாது. அதனால் அங்கே மணவிலக்கு என்று எழுதுவது படிப்பவரை நேரடியாக ஆபத்தில் தள்ளும் பிழை.

இப்போது ‘விவாகரத்து’ என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். ரத்து என்றால் செல்லாமல் ஆக்குவது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அது நல்லிட்டிக்குத்தான் பொருந்தும். ஆனால் மக்கள் வழக்கில் டைவோர்ஸ் என்ற பொருளில் உறுதிப்பட்டுவிட்டது, அதை மாற்ற முயல வேண்டாம். கவனிக்க வேண்டியது மறுபக்கம். நல்லிட்டிக்கு ‘திருமண ரத்து’ என்று எழுதாதீர்கள். படிப்பவர் அதை விவாகரத்து என்றே எடுத்துக்கொள்வார். ‘திருமணம் செல்லாது என்ற அறிவிப்பு’ என்று நீட்டி எழுதுங்கள், நீளத்தால் கெட்டுவிடாது. ‘வாய்ட்’ என்பதற்குச் செல்லாத திருமணம், ‘வாய்டபிள்’ என்பதற்குச் செல்லாததாக்கத் தக்க திருமணம் என்று பிரித்து எழுதுங்கள்.

இந்தக் குழப்பம் தமிழின் குற்றமும் அல்ல. இடைக்கால ஐரோப்பியத் திருச்சபைச் சட்டத்தில் ‘டிவோர்ட்டியும்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தது. ‘பிணைப்பிலிருந்து டிவோர்ட்டியும்’ என்றால் நடைமுறையில் திருமணமே செல்லாது என்ற அறிவிப்பு. ‘உணவுமேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும் டிவோர்ட்டியும்’ என்றால் பிரிந்து வாழ அனுமதி மட்டும். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி தம் முதல் மனைவி அரகன் கேத்தரினை டைவோர்ஸ் செய்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். 1533 மே 23 அன்று பேராயர் கிரான்மர் அறிவித்தது அந்தத் திருமணம் செல்லாது என்பதைத்தான். வரலாற்றுக் கட்டுரையில் அந்த இடத்தை மணவிலக்கு என்று மொழிபெயர்த்தால், மகள் மேரி ஏன் சட்டபூர்வ வாரிசு என்ற நிலையை இழந்தார் என்பது வாசகருக்கு விளங்காது.

இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டு மணவழக்குச் சட்டம் இந்த இரட்டை வேலையை முடித்துவைத்தது. நீதிமன்றமே திருமணத்தைக் கலைக்கலாம் என்று வந்தது, பழைய ‘மேசை–படுக்கை’ வகைக்கு ஜுடிஷியல் செபரேஷன் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. இந்தியாவின் 1869ஆம் ஆண்டு டைவோர்ஸ் சட்டம் 22ஆம் பிரிவில் இதையே பின்பற்றியது. ஆகவே 1857க்கு முந்தைய ஆங்கில ஆவணத்தில் டைவோர்ஸ் என்று கண்டால், அந்த ஆள் பிறகு சட்டப்படி மறுமணம் செய்தாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு கண்ணி, நீதிமன்றத்தின் முதற்கட்ட ஆணையான ‘டிக்ரீ நைசை’. நைசை என்றால் லத்தீனில் ‘இல்லாவிட்டால்’. அதாவது, இடையில் தடை எதுவும் வராவிட்டால் முடிவு உறுதியாகும். அதை ‘மணவிலக்கு வழங்கப்பட்டது’ என்று மொழிபெயர்ப்பது தவறு, அந்த நாளில் திருமணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸில் 2022 ஏப்ரல் 6 முதல் இதற்கு ‘நிபந்தனை ஆணை’ என்றும், அடுத்த கட்டத்துக்கு ‘இறுதி ஆணை’ என்றும் பொருள்படும் பெயர்கள். விண்ணப்பத்துக்கும் நிபந்தனை ஆணைக்கும் இடையில் 20 வாரம், அதன்பிறகு இறுதி ஆணைக்கு 6 வாரம் காத்திருக்க வேண்டும். மணவிலக்கு என்று எழுதவேண்டிய தேதி இறுதி ஆணையின் தேதி.

—

சொல்தேடி:

மிக்க நன்றி. நீர்பிரி மேடு இனி மறக்காது. மணமுறிவா மணவிலக்கா என்ற கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. பத்திரிகைகளில் இரண்டும் வருகின்றன. ‘விலக்கு’ என்றால் ஒருவர் மற்றவரைத் தள்ளிவைத்தது போல ஒலிக்கிறதே, ‘முறிவு’ கண்ணியமாக இல்லையா?

—

சட்டத்தமிழ்:

முறிவு என்பது தானாக முறிவது. கிளை முறிகிறது, எலும்பு முறிகிறது. யார்மேலும் பழி விழாது என்பது உண்மை. ஆனால் சட்ட நூலில் ‘பிரேக்டவுன் ஆஃப் மேரேஜ்’ என்று ஒரு தனிக் கருத்து இருக்கிறது. டைவோர்ஸ் கேட்பதற்கு அடிப்படையாக, இந்தத் திருமணம் இனி மீளாத அளவுக்கு முறிந்துவிட்டது என்று சொல்வது. டைவோர்ஸுக்கும் மணமுறிவு என்று வைத்துக்கொண்டால் ‘மீளாத மணமுறிவின் அடிப்படையில் மணமுறிவு வழங்கப்பட்டது’ என்று எழுத நேரும். ஒரே வாக்கியத்தில் காரணமும் விளைவும் ஒரே சொல்லாகிவிடும்.

அதனால் என் பரிந்துரை: வாழ்க்கையில் நிகழ்வது மணமுறிவு, நீதிமன்றம் வழங்குவது மணவிலக்கு. முறிந்தும் வழக்குப் போடாமல் இருப்பவர்கள் உண்டு என்பதால் இந்த வேறுபாடு தாளில் மட்டும் இருப்பதல்ல. விலக்கு என்பதைத் தள்ளிவைத்தல் என்று மட்டும் பார்க்க வேண்டியதும் இல்லை. வரிவிலக்கில் வரி யாரையும் தள்ளிவைக்கவில்லை, ஒரு கடமை நீங்குகிறது. மணவிலக்கிலும் அப்படியே.

—

பன்மொழி வாசகர்:

மற்ற மொழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘விலக்கு’க்கும் ‘முறிவு’க்கும் நல்ல துணை கிடைக்கிறது.

அவிழ்ப்பது ஒரு படம். தலாக் என்பதன் வேர் கட்டை அவிழ்த்து விடுதலைக் குறிக்கும். மலையாளத்தில் விவாகமோசனம், மோசனம் என்றால் விடுதலை. இவற்றைவிட வியப்பானது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். மூன்றாம் பகுதியில் தம்பதியர் பிரிவதற்கு அவர் போடும் சொல் ‘மோக்ஷம்’. ஒருவருக்கு மட்டும் வெறுப்பு என்றால் மோக்ஷம் இல்லை, இருவருக்கும் பரஸ்பர வெறுப்பு என்றால் உண்டு, தர்ம விவாகங்கள் என்ற ஏற்கப்பட்ட மணவகைகளுக்குக் கிடையாது என்று விதிகள் போகின்றன. வீடுபேற்றுக்கு நாம் வைத்திருக்கும் அதே சொல், சட்ட நூலில் மணக்கட்டு அவிழ்வதற்கு. ஆங்கிலத்தில் ‘டிஸொல்யூஷன்’ என்பதன் அடியிலுள்ள லத்தீன் ‘சொல்வெரே’யும் அவிழ்ப்பதுதான். அதற்குத் தமிழில் திருமணத்தைக் கலைத்தல் என்பது பொருந்தும்.

அறுப்பது இன்னொரு படம். எபிரேய வேதத்தில் உபாகமம் 24:1இல் ‘கெரித்துத்’ என்ற சொல் வருகிறது, வேருக்கு வெட்டுதல் என்று பொருள். இந்தி சட்ட மொழியில் விவாஹ விச்சேத், அதுவும் வெட்டுதான். தமிழ் விவிலியப் பழைய மொழிபெயர்ப்பு வெட்டை விட்டுவிட்டுத் ‘தள்ளுதலின் சீட்டு’ என்றது. மத்தேயு 5:31இல் ‘தள்ளுதற்சீட்டு’. இது ரோமானியரின் ரெபுடியும் பக்கம் நிற்கும் சொல், ஒருவர் தள்ளுகிறார். விவிலியம் சார்ந்த பகுதியில் இதை மணவிலக்குச் சான்றிதழ் என்று நவீனப்படுத்தினால் அந்த ஒருபக்கத் தன்மை மறைந்துபோகும்.

குலா தனி அழகு. பெண் முன்வந்து கேட்கும் பிரிவு அது, வேருக்கு ஆடையைக் களைதல் என்று பொருள். குர்ஆன் 2:187இல் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று வருவதை நினைத்துக்கொண்டால் சொல்லின் ஆழம் தெரியும். தலாக்கையும் குலாவையும் ‘விவாகரத்து’ என்ற ஒரே சொல்லில் அடைக்காமல் அப்படியே தமிழில் எழுதி, முதல் இடத்தில் மட்டும் விளக்கம் கொடுங்கள்.

சில மொழிகளில் செயலைவிட ஓலைதான் முன்னால் நிற்கிறது. யூதரின் ‘கெட்’ பிரிவைக் குறிக்கும் ஆவணம், 12 வரியில் எழுதுவது மரபு. எடோ காலத்து ஜப்பானில் அந்தக் கடிதத்துக்கு ‘மூன்றரை வரி’ என்றே பெயர். தமிழில் ‘முறி’ என்பதற்கும் ஆவணம் என்ற பொருள் உண்டு. ஓலைமுறி என்பது பழைய வழக்கு, இலங்கைத் தமிழில் கடன்பத்திரத்துக்கு இன்றும் பிணைமுறி. உடைவதற்கும் பிணைப்பதற்கும் ஒரே வடிவம் தமிழில் வாழ்கிறது. மணமுறிவில் இருப்பது உடைவதுதான்.

நீதிமுறைப் பிரிவு என்பதில் ‘பிரிவு’ சரியான தேர்வு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகத்திணையில் ஓதற்பிரிவு, தூதிற்பிரிவு, பொருள்வயிற் பிரிவு எல்லாம் உறவு அறாத பிரிவுகள், தலைவன் திரும்பி வருவான். கட்டு அறாமல் விலகி இருக்கும் நிலைக்கு இந்தச் சொல்லின் மரபே இடம் கொடுக்கிறது.

—

மெய்ப்புநோக்கி:

அச்சுக்குப் போகுமுன் கவனிக்க வேண்டியவை.

விவாகரத்து, மணவிலக்கு இரண்டும் வன்தொடர்க் குற்றியலுகரம். பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: விவாகரத்துக் கோரி, விவாகரத்துச் சட்டம், மணவிலக்குப் பெற்றவர். நாளிதழ்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன, கையேட்டில் விடவேண்டாம். மணமுறிவு வன்தொடர் அல்ல, அதனால் ‘மணமுறிவு கோரி’ என்று ஒற்றில்லாமல் வரும். சொல்லை ஒரேயடியாக மாற்றும் கட்டளை கொடுத்தால் ஒற்று அப்படியே தங்கி ‘மணமுறிவுக் கோரி’ என்று நிற்கும். பக்கம்பக்கமாகக் கண்ணால் பார்த்துத்தான் ஆகவேண்டும். ‘இரத்து’ என்று எழுதினால் எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள், கலக்காதீர்கள்.

‘டைவோர்ஸ்டு ஃப்ரம் ரியாலிட்டி’ போன்ற இடங்களில் விவாகரத்து, மணவிலக்கு எதுவும் வேண்டாம். ‘நடப்புக்கு ஒட்டாத’ என்றால் போதும். அங்கே ஆங்கிலம் கல்யாணத்தை மறந்து, பழைய லத்தீன் பொருளுக்கே திரும்பியிருக்கிறது.

படிவத்தில் திருமண நிலை என்ற கட்டத்துக்கு ‘மணவிலக்குப் பெற்றவர்’ என்று ஆண், பெண் இருவருக்கும் ஒரே வடிவம் போடுங்கள். பிரெஞ்சிலிருந்து வந்த ‘டிவோர்சே’யில் உள்ள ஆண்பால் பெண்பால் வேறுபாட்டைத் தமிழில் காட்டத் தேவையில்லை. ‘வாழாவெட்டி’ என்பதை மேற்கோளுக்கு வெளியே எங்கும் வரவிடாதீர்கள். அது வசை, தவிர பொருளும் வேறு. கணவனோடு வாழாதவள் என்றுதான் சொல்கிறதே ஒழிய, திருமணம் சட்டப்படி முடிந்ததா என்று சொல்வதில்லை. திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டவருக்கு ‘மணவிலக்குப் பெற்றவர்’ என்ற கட்டம் பொருந்தாது, தனிக் கட்டம் வேண்டும்.

வினையையும் பாருங்கள். ‘விவாகரத்துக் கொடுத்தார்’ என்றால் ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கியது போலாகும். நீதிமன்ற ஆணை என்றால் நீதிமன்றம் வழங்கியது, இருவரும் பெற்றார்கள். ஒருவர் மட்டும் மனுச் செய்திருந்தாலும் ஆணை இருவரையும் கட்டும்.